ஊறியதும் ஊற்றியதும்

குரிகோ நகரின் விளிம்பில், சாறு ஆலையில்
இரவுப் பணி எனக்கு.
மார்ச்சில் தொடங்கும் லாரி வரிசை
சிலியின் குளிர் இறங்கும்வரை நீளும்.
ஏற்றுமதிக்குத் தேறாத ஆப்பிள்கள்:
அடிபட்டவை, ஒருபக்கம் வெயில் சுட்டவை,
அட்டைப்பெட்டிக் குழிக்குப் பெரிதாகிப்போனவை.

என் வேலை ஒரு சொட்டு.
கண்ணாடித் தகட்டில் சாற்றை ஒரு சொட்டு விட்டு
மூடி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன்.
நீலமும் வெள்ளையும் முட்டும் கோட்டில் ஓர் எண்.
பதினொன்றரை. பன்னிரண்டு.
மழை பெய்த வாரம் பத்தே முக்கால்.

ஒருமுறை, சும்மா,
ஒடெட் குடித்து வைத்திருந்த கோலாவில்
குமிழி அடங்கும்வரை காத்திருந்து ஒரு சொட்டு எடுத்தேன்.
பத்தரை.
கருவிக்கு
ஊறியது தெரியாது, ஊற்றியது தெரியாது.
மரம் வெயிலை வாங்கி மாதக்கணக்கில் உள்ளே ஊறவைத்ததும்
மூட்டை பிரித்துத் தொட்டியில் கொட்டியதும்
ஒரே கோடு.

நிபால்டோவுக்கு பிப்ரவரியில் சொல்லிவிட்டார்கள்.
சுகாதார நிலையத்து டாக்டர், காகிதத்திலிருந்து தலை எடுக்காமல்:
"சேர்த்த சர்க்கரை வேண்டாம். கோலா வேண்டவே வேண்டாம்."
இருபது வருடப் பழக்கத்தை
ஒரு செவ்வாய்க்கிழமையில் விட்டான் என் கணவன்.
கடையில் ஒவ்வொரு பொட்டலமாகத் திருப்புவான்,
கறுப்பு எண்கோண முத்திரை கண்டால்
சூடு பட்டவன்போல் வைத்துவிடுவான்.
முத்திரை இல்லாததை எடுப்பான்:
ஆப்பிள் சாறு, ஒரு லிட்டர்,
சர்க்கரை சேர்க்கப்படவில்லை.
உண்மைதான்.
அந்த உண்மையின் முதுகில், பொடி எழுத்தில்,
எங்கள் ஆலையின் பெயர்.

தால்கா போகையில் ஒரு பெட்டி, திரும்புகையில் ஒரு பெட்டி.
"பழம்தானே, யாஸ்னா."
பழம்தான்.
பிழிந்தபின் சக்கை எங்கே போகிறதென்று எனக்குத் தெரியும்.
டேனோ சாலையில் ஒரு பன்றிப் பண்ணைக்கு.
போதும் என்று வயிற்றுக்குச் சொல்லும் பாதி
பன்றிகளுக்குப் போகிறது,
இன்னும் என்று நாக்குக்குச் சொல்லும் பாதி
பெட்டிக்கு வருகிறது.

இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை நான்.
அந்தப் பெட்டிகளில்தான் எங்கள் வீட்டுக் கடன் அடைகிறது.

ஏப்ரலில் ஒரு விடியற்காலை
கழித்துக்கட்டிய குவியலிலிருந்து பன்னிரண்டைப் பொறுக்கி வந்து
சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தேன்.
"இது உன் ஒரு பெட்டி. தின்று காட்டு."
சிரித்தான். சட்டைக் கையை மடித்தான்.
முதலாவது, நறுக் நறுக்கென்று, நடுத்தண்டு வரை.
இரண்டாவதில் பேச்சு நின்றது.
மூன்றாவதில் பாதி கடித்துத்
தாடையைத் தடவிக்கொண்டு வைத்துவிட்டான்.
ஒன்பது ஆப்பிள்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கடிக்கும்போது பல் கணக்குக் கேட்கிறது.
குடிக்கும்போது கேட்க ஆளில்லை.

வெகுநேரம் கழித்துக் கேட்டான்,
"அப்படியென்றால் இதில் ஏன் முத்திரை இல்லை?"
சேர்த்தது என்ன என்று கேட்கும் முத்திரை அது, நிபா.
எடுத்தது என்ன என்று கேட்காது.

அவன் கோபப்படவில்லை. பட்டிருக்கலாம்.
மிச்சம் வைத்த பாதி பழுப்பேறும்வரை
அதையே பார்த்துவிட்டுக்
குளிக்கப் போனான்.

இப்போது லாரியில் தண்ணீர்ப் புட்டியும் இரண்டு ஆப்பிளும்.
இருக்கைக்குப் பின்னால் சில நாள் ஒரு பெட்டியும் இருக்கும்.
இருவருமே அதைப் பார்ப்பதில்லை.

நேற்றிரவும் போனேன்.
சொட்டு, மூடி, வெளிச்சம்.
பதினொன்றே முக்கால்.
பதிவேட்டில் எண்ணை எழுதினேன்.
பக்கத்துக் கட்டத்தில்,
'சேர்க்கப்பட்டது' என்ற தலைப்பின்கீழ்,
எப்போதும்போல் ஒரு கோடு போட்டுக்
கையெழுத்திட்டேன்.